அவர்கள் கதையை அவர்களே சொல்லும் அவைக்கு வாருங்கள்

அன்பான ரொறன்ரோத் தமிழ் உறவுகளே,

நமது நகரில் இப்போது ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ‘இமாஜின்நேட்டிவ்’ திரைப்பட விழா நடக்கிறது. உலகின் பல பாகங்களிலுமுள்ள பூர்வகுடிக் கலைஞர்கள் தாங்களே இயக்கிய படங்களோடு வருவார்கள். 2000ஆம் ஆண்டு தொடங்கிய இந்த விழாவில் தமிழ் முகங்களை நாங்கள் அரிதாகவே கண்டிருக்கிறோம். இம்முறை குடும்பமாக வாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

பூர்வகுடிகளின் கதையை நெடுங்காலம் பிறரே சொன்னார்கள். 1922இல் ரொபேர்ட் பிளாஹெர்ட்டி எடுத்த ‘நானுக் ஒப் த நோர்த்’ இனுயிட் மக்களை உலகுக்குக் காட்டியது. துப்பாக்கி பழகிவிட்ட வேட்டைக்காரர்களை ஈட்டியோடு நிறுத்தி எடுத்த படம் அது. நாயகனுக்குச் சொந்தப் பெயர்கூட அதில் இல்லை. பின்னாளில் இக்லூலிக் என்ற இனுயிட் ஊரின் மக்கள், தங்கள் மொழி ஒலிக்காத தொலைக்காட்சி வேண்டாமென்று 1975இலும் 1979இலும் வாக்களித்து மறுத்தார்கள். அவ்வூரின் சக்கரியாஸ் குனுக் தாம் செதுக்கிய கற்சிற்பங்களை விற்று 1981இல் ஒரு வீடியோ கமெரா வாங்கினார். அவர் இயக்கிய ‘அத்தனார்ஜுவாட்’ முழுக்க இனுயிட் மக்களின் இனுக்டிடூட் மொழியில் வந்து, 2001இல் கான் விழாவில் தங்கக் கமெரா விருதை வென்றது. மூத்தவர்களிடம் கேட்டுப் பதிந்த பழங்கதை, ஊரவர் தைத்த தோலாடை. உயிர் தப்ப ஒருவன் வெற்றுடம்போடு கடற்பனிமேல் ஓடும் அந்தக் காட்சியைப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

ஹைடா என்ற இன்னொரு பூர்வகுடி மொழியைச் சரளமாகப் பேசுவோர் ஏறத்தாழ இருபது பேரே எஞ்சியிருந்த வேளையில், 2018இல், அம்மொழியிலேயே ‘எட்ஜ் ஒப் த நைஃப்’ என்ற படம் வந்தது. நடிகர்கள் மொழியைப் பயின்றே நடித்தார்கள். இந்த மொழிகள் தாமாக மங்கவில்லை. கனடாவின் வதிவிடப் பள்ளிகளுக்கு 150,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் கொண்டுபோகப்பட்டார்கள். தாய்மொழியில் பேசியதற்கே அங்கே அடி விழுந்தது.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு நம்மில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தோம். இங்கே கோயில் கட்டினோம், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். நம் கதையைப் பிறர் சொல்லும்போது எது விடுபடும், எது திரியும் என்பது நாம் பட்டறிந்தது. நமக்கு இடம் தந்த மண்ணின் மக்கள் தங்கள் வாயால் பேசும்போது நாம் வராதிருப்பது முறையல்ல.

ஒரு படத்துக்கேனும் சீட்டு வாங்குங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். வர இயலாதவர்கள், இயக்குநர் அலனிஸ் ஒபொம்சாவின் 1993இல் தந்த ‘கனசத்தாகே’ ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள். தங்கள் மயானத்தருகே கொல்ப் மைதானம் விரிவதை எதிர்த்து மோஹாக் மக்கள் 1990இல் 78 நாட்கள் நின்றதை, தடுப்புகளுக்கு உள்ளேயிருந்தே அவர் படமாக்கினார்.

ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டு நிகழ்ச்சியில் பூர்வகுடிக் குறும்படம் ஒன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்க வேண்டும். முறையாக அனுமதி பெற்று, படைப்பாளிக்குரிய கட்டணத்தையும் கொடுத்து. உபதலைப்பு வாசிக்கச் சிரமப்படும் அம்மம்மா, தாத்தாமாருக்குக் கதைச்சுருக்கத்தைத் தமிழில் எழுதித்தர நாங்கள் ஆயத்தம். நிகழ்ச்சி நிரல் வெளியானதும் எந்தப் படத்துக்கு வேண்டுமென்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் வாழும் திரை ஆர்வலர்கள் சிலர்