நிஜம் எவ்வளவு, விளையாட்டு எவ்வளவு?

"என்னடா, எப்பப் பார்த்தாலும் சுட்டுக்கிட்டே இருக்கே?" என்று கேட்டால் போதும். "அம்மா, இது சும்மா சண்டை இல்லே, ஹிஸ்டரி! எல்லாம் அப்படியே நிஜம்!" என்று பதில் வருகிறது. வயசுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு இப்போது சகஜம். நாமும் ‘ஹிஸ்டரி’ என்ற வார்த்தையைக் கேட்டதும் கொஞ்சம் சமாதானமாகி, அடுப்பில் இருப்பதைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

சகோதரிகளே, அந்த ‘நிஜம்’ எவ்வளவு நிஜம் என்று என்றைக்காவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டும். பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறான், யாரோடு பழகுகிறான் என்று விசாரிக்கிற நாம், தினமும் இரண்டு மணி நேரம் அவன் எந்த யுத்தத்தில் இருக்கிறான் என்றும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

முதலில் இது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். முதல் உலகப்போர், இரண்டாம் உலகப்போர் இவற்றைக் களமாக வைத்து, பல ஊர்களில் இருப்பவர்கள் இன்டர்நெட் மூலம் ஒரே நேரத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சுட்டு விளையாடுவது. 2002-ல் ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி ஒன்று ‘பேட்டில்ஃபீல்ட் 1942’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரே களத்தில் 64 பேர் வரை சேர்ந்து விளையாடலாம். அடுத்த வருடமே, 2003-ல், ‘கால் ஆஃப் டியூட்டி’ வந்தது. அதற்குப் பிறகு இந்த வகை விளையாட்டுக்குக் குறைவே இல்லை.

இதை விளையாடுகிறவர்களிடையே தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. ‘விளையாட்டு என்றால் ஜாலியாக இருக்க வேண்டும், செத்தால் உடனே எழுந்து ஓட வேண்டும்’ என்பது ஒரு கட்சி. ‘போர் என்றால் போர் மாதிரியே இருக்க வேண்டும்’ என்பது இன்னொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சிக்காகவே செய்யப்பட்டவையும் உண்டு. 2015-ல் வெளிவந்த ‘வெர்டூன்’ அப்படிப்பட்டது. அதில் பெரும்பாலும் ஒரு தோட்டா பட்டால் ஆள் காலி. 2021-ல் வந்த ‘ஹெல் லெட் லூஸ்’ இன்னொன்று. ஒரு பக்கத்துக்கு 50 பேர். சுட்டது யார், எங்கிருந்து என்றே தெரியாமல் விழ வேண்டியதுதான். மறுபடி தொடங்கினால், வயலும் வேலியுமாக வெகு தூரம் நடந்து வர வேண்டும். நடந்து வந்ததும் மறுபடி யாராவது சுட்டுவிடுவார்கள்! "இதிலே என்னடா சந்தோஷம்?" என்று நமக்குத் தோன்றும். ஆனால் இதற்கும் ரசிகர்கள் ஏராளம்.

இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. முழு நிஜத்தை யாராலும் விளையாட முடியாது. பிரான்ஸ் நாட்டில் வெர்டூன் யுத்தம் 1916 பிப்ரவரியில் ஆரம்பித்து டிசம்பரில்தான் முடிந்தது. ஏறக்குறைய பத்து மாதம்! சிப்பாய்கள் பதுங்கு குழிச் சேற்றில் நின்றார்கள், பேன் பார்த்தார்கள், ஈரத்திலேயே நின்று கால் அழுகிப் போனார்கள், கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். அந்தப் போரில் செத்தவர்களில் பெரும்பகுதியினர் எதிரியின் முகத்தைக் கூடப் பார்த்ததில்லை. எங்கிருந்தோ வந்த பீரங்கிக் குண்டுதான் எமன். இதை அப்படியே விளையாட்டாகச் செய்தால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஆகவே செய்கிறவர்கள் வெட்டித்தான் ஆக வேண்டும். சினிமாவில் ஒரு பாட்டு முடிவதற்குள் குழந்தை வளர்ந்து ஆளாகிவிடுகிறதே, அதை நாம் பொய் என்றா சொல்கிறோம்? அது மாதிரிதான் இதுவும்.

ஆனால் எதை வெட்டுகிறார்கள், எதை விடாமல் வைக்கிறார்கள் என்று கவனித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். துப்பாக்கியில் காட்டும் அக்கறையை மனித உடம்பில் காட்டுவதில்லை!

துப்பாக்கி விஷயத்தில் அப்படி ஒரு கவனம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய் வைத்திருந்த ‘எம்-1 கேரண்ட்’ என்ற ரைஃபிளில் எட்டுத் தோட்டா. எட்டும் தீர்ந்தால் அவற்றைக் கோத்திருந்த தகடு ‘டிங்’ என்று துள்ளி வெளியே விழும். அந்த ‘டிங்’ சத்தம் சரியாக இருக்கிறதா என்று பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். சட்டைப் பொத்தான் முதல் டாங்கியின் சக்கரம் வரை வாதாடுகிறார்கள். 2016-ல் வந்த ‘பேட்டில்ஃபீல்ட் 1’ முதல் உலகப்போரைப் பற்றியது. அந்தப் போரில் பெரும்பாலான சிப்பாய்கள் கையில் இருந்தது, ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டிய ரைஃபிள். விளையாட்டிலோ படபடவென்று சுடும் ஆட்டோமேடிக் துப்பாக்கிகள் தாராளம். "இது நிஜமில்லை" என்று இதற்கும் ஒரு சண்டை நடந்தது.

சரி, குண்டு பட்டவன் என்ன ஆகிறான்? அதே விளையாட்டில், விழுந்து கிடப்பவனிடம் மருத்துவச் சிப்பாய் ஓடி வந்து ஓர் ஊசி போடுகிறான். அவ்வளவுதான், எழுந்து ஓடுகிறான்! வேறு சில விளையாட்டுகளில் ஊசியும் வேண்டாம். சுவருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றால் காயம் தானே ஆறிவிடும்.

குழந்தையின் முழங்கால் சிராய்ப்பு ஆற எத்தனை நாளாகும் என்று நமக்குத் தெரியும். காய்ச்சல்காரரின் தலைமாட்டில் ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்கள் நாம். இந்த இடத்தில் நம்மை ஏமாற்ற முடியாது. முதல் உலகப்போரின் ஆரம்ப வருடங்களில் தொடை எலும்பில் குண்டு பட்டு முறிந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. காலை அசையாமல் நீட்டி வைத்துக் கட்டும் ‘தாமஸ் ஸ்பிளிண்ட்’ என்ற கம்பிச் சட்டம் போர்முனையில் பரவலாக வந்த பிறகுதான் அந்த நிலைமை மாறியது. உழுத வயலின் மண் காயத்தில் ஏறி, சதை அழுகிச் செத்தவர்கள் பலர். அப்போது பென்சிலின் கிடையாது. ஃபிளெமிங் அதைக் கண்டதே 1928-ல். ஏராளமாகத் தயாராகிப் போர்முனைக்குப் போனது 1944 ஜூனில், நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய சமயத்தில்தான்.

இன்னும் ஒரு கணக்கு. 1916 ஜூலை 1, பிரான்ஸில் சோம் நதிப் பகுதியில் யுத்தம் ஆரம்பித்த முதல் நாள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் இறந்தவர்கள் 19,240 பேர். காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள், பிடிபட்டவர்கள் எல்லாம் சேர்த்தால் 57,470. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு தாய், தந்தி வருமோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். அந்த வாசல் எந்த விளையாட்டின் களத்திலும் கிடையாது.

‘நிஜம்’ என்ற வார்த்தையை எப்படி எப்படியெல்லாம் வளைக்கிறார்கள் என்பதற்கு நம்மைத் தொட்ட உதாரணமே இருக்கிறது. 2018 மே மாதம் ‘பேட்டில்ஃபீல்ட் 5’ வரப்போகிறது என்று ஒரு விளம்பரப் படம் காட்டினார்கள். செயற்கைக் கை பொருத்திய ஒரு பெண் சிப்பாய் முன்னணியில் நின்று சண்டை போடுகிறாள். அவ்வளவுதான், "பெண்ணாவது, போராவது? சரித்திரத்தைக் கெடுக்கிறார்கள்!" என்று ஒரே கூச்சல். பிரிட்டிஷ் படையின் முன்னணி வரிசையில் அப்படி ஒரு பெண் நின்றிருக்க மாட்டாள், அது வாஸ்தவம். ஆனால் பெண்கள் போரிலேயே இல்லை என்பது பொய். சோவியத் படையில் லட்சக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். லுட்மிலா பாவ்லிசென்கோ என்ற பெண், மறைந்திருந்து சுடுவதில் 309 பேரை வீழ்த்தியதாகக் கணக்கு. பலகையும் துணியுமாகச் செய்த பழைய விமானங்களில், ராத்திரியில் பறந்து போய்க் குண்டு போட்ட பெண்களின் படை ஒன்றும் இருந்தது. செத்தவன் ஊசி போட்டதும் எழுந்து ஓடுவதை ஒப்புக்கொண்டவர்களுக்கு, பெண் துப்பாக்கி பிடிப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வேடிக்கையாக இல்லை?

இன்னும் யாரைக் காணோம் தெரியுமா? நம்மவர்களை. இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1944-ல் நாகாலாந்தின் கோஹிமாவில் ஜப்பானியப் படையோடு கடும் சண்டை. டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை! புகழ்பெற்ற விளையாட்டுகளோ நார்மண்டியையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சயாம்–பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்கள், காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். 1942, 43-ம் வருடக் கதை அது. துப்பாக்கியே பிடிக்காமல் போரில் செத்தவர்களுக்கு, சுடுகிற விளையாட்டில் இடம் ஏது?

எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ‘பேட்டில்ஃபீல்ட் 1’ தனியாக விளையாடும் பகுதியோடு ஆரம்பிக்கிறது. அதில் நீங்கள் ஒரு சிப்பாய். செத்ததும் திரையில் ஒரு பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். பிறகு வேறொரு சிப்பாய். அவனும் சாகிறான், அவன் பெயரும் வருகிறது. அந்தச் சில நிமிஷம் நெஞ்சைப் பிசையும். ‘வெர்டூன்’ விளையாட்டில் ஒரு கிறிஸ்துமஸ் சமயம் துப்பாக்கியை ஓரம் வைத்துவிட்டுப் பனி உருண்டை எறியவும் பந்து விளையாடவும் வழி செய்திருந்தார்கள். 1914 கிறிஸ்துமஸில் சில இடங்களில் இரு தரப்புச் சிப்பாய்களும் நிஜமாகவே சண்டையை நிறுத்திக் கைகுலுக்கிக்கொண்டதன் நினைவாக அது. முதல் உலகப்போர் முடிந்து நூறு வருடம் நிறைந்த 2018 நவம்பர் 11 அன்று, ‘பேட்டில்ஃபீல்ட் 1’ விளையாடிய சிலர் தாங்களாகவே பேசி வைத்துக்கொண்டு சுடுவதை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா நின்றார்கள். பிறகு எவனோ ஒருவன் சுட்டுவிட்டான். சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. போரைப் பற்றி இதைவிட நிஜமான பாடம் உண்டா?

ஆகவே, ‘ஜாலி விளையாட்டு கெட்டது, நிஜ விளையாட்டு நல்லது’ என்று முத்திரை குத்த முடியாது. ஜாலி விளையாட்டு விளையாட்டாக இருக்கிற வரைக்கும் கெடுதல் குறைவு. அதற்கு ‘ஹிஸ்டரி’ என்று பெயர் சூட்டும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நிஜத்தை நெருங்குகிற விளையாட்டில் பொறுமை, மற்றவர் சொல்வதைக் கேட்பது, கூடி வேலை செய்வது எல்லாம் வேண்டியிருக்கிறது. ஆனால் அதன் ரத்தமும் அலறலும் சின்னப் பிள்ளைகளுக்கு உகந்தவை இல்லவே இல்லை.

தாய்மார்கள் செய்யக்கூடியது சில உண்டு. விளையாட்டின் பெட்டியிலோ வாங்கும் பக்கத்திலோ வயது போட்டிருக்கும். ‘பேட்டில்ஃபீல்ட் 1’, ‘கால் ஆஃப் டியூட்டி: டபிள்யூ டபிள்யூ 2’ இரண்டுக்கும் அமெரிக்காவில் கொடுத்திருக்கும் வயது 17-க்கு மேல். பத்து வயதுப் பையன் அழுகிறான் என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிறானா என்று பாருங்கள். கெட்ட வார்த்தை முதலில் வருவது அந்த வழியாகத்தான். ஒரு ஆட்டம் முடிய வெகு நேரமாகும் விளையாட்டும் உண்டு. "பாதியில் விட்டால் கூட இருப்பவர்கள் திட்டுவார்கள்" என்பான். ஆகவே சாப்பாட்டு நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நடுவில் போய் ஸ்விட்சை அணைத்தால் வீட்டில்தான் உலகப்போர்!

வளர்ந்த பிள்ளை என்றால் ஒரு அரை மணி பக்கத்தில் உட்காருங்கள். திட்ட வேண்டாம், உபதேசமும் வேண்டாம். மூன்றே கேள்வி கேளுங்கள். "இதிலே எதுடா நிஜம்?" உற்சாகமாகச் சொல்வான், காது கொடுத்துக் கேளுங்கள். "எதை ஆட்டத்துக்காக மாத்தியிருக்காங்க?" இதற்கும் அவனுக்குப் பதில் தெரிந்திருக்கும். "யாரை இதிலே காட்டவே இல்லே?" இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் அவன் கொஞ்சம் யோசிப்பான். அந்த ஊர் ஜனங்கள் எங்கே, நர்ஸ் எங்கே, கால் போனவன் பிறகு எப்படிப் பிழைத்தான் என்று பேச்சு வளரட்டும். நூலகத்தில் போர்க்காலம் பற்றி ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

விளையாட்டைச் செய்கிறவர்களால் எல்லாவற்றையும் களத்தில் கொண்டுவர முடியாது. அவர்கள் விட்டுவிட்டதைச் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து சொல்ல நம்மால் முடியும்.