அதெப்புடிப்பா முடியும்?



பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். நம் இதழில் ஒற்றுப்பிழை கண்ணில் பட்டால் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அந்தப் பக்கத்தையே கிழித்து அனுப்புகிறவர். சென்ற இதழில் காலப்பயணப் படங்களைப் பற்றி மூன்று பக்கம் போட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. குடுமியான்மலை இசைக் கல்வெட்டுக்கு இடமில்லாத இதழில் வேற்றுக்கிரகவாசிக்கு மட்டும் இடம் எங்கிருந்து வந்தது, பெரியவர்கள் படிக்கிற இடத்தில் இந்த மாயாஜாலமெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்.

ஐயா, குடுமியான்மலைக்கு அடுத்த இதழில் இடம் உண்டு. மாயாஜாலத்தை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்தால் நம் ஊரில் பாதியை விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

‘ஜகதலப்பிரதாபன்’ படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால் உங்கள் அப்பா சொல்லியாவது கேட்டிருப்பீர்கள். 1944-ல் கோவை பட்சிராஜா நிறுவனம் எடுத்தது, ஸ்ரீராமுலு நாயுடு இயக்கம். நாயகன் நம் புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா. இந்திரலோகம், நாகலோகம் என்று உலகம் உலகமாகச் சுற்றும் கதை. அதில் ஒரு கச்சேரிக் காட்சி வரும். பாடுகிறவரும் சின்னப்பா, பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களும் சின்னப்பா. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. கேமராவின் பார்வையில் ஒரு பகுதியைத் தவிர மற்றதை மறைத்துவிட்டு ஒரு சின்னப்பாவை எடுப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, எடுத்த இடத்தை மறைத்து, அடுத்த சின்னப்பாவை எடுப்பார்கள். கேமரா ஒரு இம்மி அசைந்தாலும் அத்தனையும் பாழ். தாளமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கொட்டகையை விட்டு வெளியே வந்த சனம் மாட்டுவண்டியில் ஊர் போய்ச் சேரும்வரை எதைப் பேசியிருக்கும் என்கிறீர்கள்? “அதெப்புடிப்பா முடியும்?” என்பதைத்தான்.

காதல் மன்னன் என்று நாம் கொண்டாடும் ஜெமினி கணேசனும் இந்த ஊரில் பிறந்தவர்தான். 1955-ல் வந்த ‘கணவனே கண் கண்ட தெய்வம்’ படத்தில் அவர் நாகராணியின் சாபத்தால் கூனனாகிப்போவார். அந்த முகத்தை அப்படிக் கோணலாக்கிக் காட்ட அப்போது ஒத்துக்கொண்டதே எனக்குப் பெரிய மாயமாகத் தெரிகிறது.

அரிமளத்துக்காரர் ஒருவரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். வி. கிருஷ்ணமூர்த்தி என்றால் பலருக்குத் தெரியாது, வாண்டுமாமா என்றால் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1925-ல் பிறந்து 2014 வரை வாழ்ந்தவர். பெரியவர்களுக்குக் கௌசிகன் என்ற பெயரில் எழுதினார். சிறுவர்களுக்கு எழுதும்போது அவர் வேறு ஆள். பலே பாலுவும் ஓநாய்க்கோட்டையும் அவர் கையிலிருந்து வந்தவை. அவருடைய பூந்தளிர் இதழ் வருகிற நாளில் கடைக்காரர் கட்டைப் பிரிக்கும் முன்பே பையன்கள் நின்றுகொண்டிருப்பார்கள். ஒரு கையால் மந்திரவாதிக் கதை எழுதியவர், மறு கையால் அறிவியலையும் மருத்துவத்தையும் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதினார். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அரிமளத்துப் பையன் ஒருவன் திருமயத்து ஊமையன் கோட்டையை அண்ணாந்து பார்த்தால் அதற்குள் ஒரு சுரங்கமும் சுரங்கத்துக்குள் ஒரு பூதமும் இருப்பதாக நினைக்காமல் இருக்க முடியுமா என்று நான் எனக்குள் கேட்டுக்கொள்வதுண்டு. அதே திருமயம் பக்கத்து ராயவரத்திலிருந்து குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா வந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் போன வழியில் பாதி நம் மாவட்டத்துச் செம்மண் சாலை.

கீரமங்கலம் பக்கம் போனவர்கள் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரையைப் பார்த்திருப்பீர்கள். முப்பது அடிக்கு மேல் உயரம். முன்னங்காலைத் தூக்கி இதோ பாயப்போகிறேன் என்று நிற்கும். மாசிமகத்தன்று காகிதப்பூ மாலைகளாகச் சாத்திச் சாத்தி, கழுத்துக்குக் கீழே குதிரையே தெரியாமல் மூடிவிடும். ராத்திரியில் அய்யனார் அதில் ஏறி எல்லையைச் சுற்றி வருகிறார் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, வெளிநாட்டு சீரியலில் டிராகன் பறப்பதைப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. டிராகனுக்குத் தீனி என்ன, அவ்வளவு பெரிய உடம்பை அந்த இறக்கை தாங்குமா என்றுதான் அது கேட்கும்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன். மாயக்கதையும் அறிவியல் கதையும் தனியாக உட்கார்ந்து படித்து மூடிவைக்கிறவை அல்ல. நாலு பேர் கூடிப் பேசினால்தான் அவை முழுசாகும். குடும்பப் படம் பார்த்துவிட்டு வந்தால் அழுதோம், சிரித்தோம் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். காலம் பின்னால் போகிற படம் பார்த்தால் தூக்கம் வராது. கதைக்காரர் ஒரு சட்டம் போடுகிறார். அந்தச் சட்டத்துக்கு அவரே கட்டுப்பட்டாரா என்று பார்க்க நமக்கு இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது.

நம் ஆட்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். விக்கிரமாதித்தன் கதையை நினைத்துப் பாருங்கள். வேதாளம் வெறுமனே கதை சொல்லிவிட்டுப் போவதில்லை. கதை முடிந்ததும் ஒரு கேள்வி போடும். பதில் தெரிந்தும் வாயைத் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும். திறந்தால் வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், தோளில் பிணமும் கையில் வாளுமாக ராஜா நடக்கும் படம், மாதா மாதம் வந்தும் அலுக்கவே இல்லை. கதை கேட்டவன் கருத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு நிபந்தனை உலகத்தில் வேறு எந்தக் கதையில் இருக்கிறதோ, எனக்குத் தெரிந்து இதைவிடக் கறாரானது இல்லை.

புதுக்கோட்டை டீக்கடைகளில் இந்த வேதாளம் இன்னும் இருக்கிறது. 2021-ல் ‘மாநாடு’ வந்த சமயம். இரண்டாம் ஆட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எங்கள் கும்பல் நின்றது. மொபைல் கடைத் தம்பி, லேப் டெக்னீஷியன் அண்ணன், நான், இன்னும் இரண்டு பேர். ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது; நாயகனின் ரத்தம் வில்லனுக்கு ஏறியதால் அவனும் அந்தச் சுழலில் மாட்டிக்கொள்கிறான். தம்பிக்கு அதுதான் உறுத்தல்.

“ரத்தம் ஏத்துனா டைம் லூப்பும் சேந்து ஏறுமாண்ணே? அதெப்புடி?”

அண்ணன் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்: “ஏண்டா, ரத்தத்துல மலேரியா ஏறும், மஞ்சக்காமாலை ஏறும். இது மட்டும் ஏறக்கூடாதா?”

“அப்ப வில்லன் யாருக்காச்சும் ரத்தம் குடுத்தா?”

டீ மாஸ்டர் உட்பட யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. படத்தை எடுத்தவர்கள் யோசித்தார்களோ என்னவோ, அந்த ஒரு கேள்வியில் இன்னொரு படம் இருந்தது. இப்போதும் எங்களுக்குள் அது முடியாத வழக்கு. அந்தச் சுழலுக்குப் படம் காலபைரவரைக் காரணம் காட்டியது சரியா என்பது தனி வழக்கு. நான் சரி என்ற கட்சி. மேல்நாட்டுக்காரர்கள் ஏதோ ஒரு இயந்திரத்தைக் காட்டி அதற்குள் எப்படி என்று சொல்லாமல் விடுகிறார்கள். நாம் காலத்துக்கே அதிபதியான ஒரு சாமியைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

இதற்கு முந்தைய தலைமுறைக்கு இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த ஆள். பிறந்தது இங்கிலாந்துப் பத்திரிகையில். இரும்புக்கையில் மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், கை மட்டும் தெரியும். சட்டம் அவ்வளவுதான். சட்டை எப்படி மறையும் என்று ஒரு கட்சி. கரண்ட் இல்லாத ஊரில் மாயாவி என்ன செய்வார் என்று இன்னொரு கட்சி. மின்வெட்டுக் காலத்தில் இங்கே வளர்ந்தவர்களுக்கு இரண்டாவதுதான் நியாயமான கவலை.

படம் பார்த்ததும் “இதெல்லாம் இங்கிலீஷ்ல எப்பவோ வந்துருச்சு” என்று பேச்சைக் கத்தரிக்கிற நண்பர் ஒருவர் எல்லாக் கும்பலிலும் இருப்பார். அவருக்கு என் பதில் ‘கலை அரசி’. 1963-ல் காசிலிங்கம் இயக்கி எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. வேற்றுக் கிரகத்தில் விஞ்ஞானம் கொட்டிக் கிடக்கிறது. ஆடவும் பாடவும்தான் ஆளில்லை. கற்றுக்கொடுக்க நம் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. வர இன்னும் 19 ஆண்டு இருந்தது. எத்தனை பறக்கும் தட்டு இருந்தாலும் பாட்டு வாத்தியாருக்கு இங்கேதான் வரவேண்டும் என்று சொல்ல ஒரு தமிழ்ப் படத்தால்தான் முடியும்!

சுஜாதாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள். ‘என் இனிய இயந்திரா’ 2020-களில் நடப்பதாக எழுதப்பட்டது. இரண்டெழுத்துக்கு மேல் பெயர் வைக்கக்கூடாது, பிள்ளை பெற அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்கிற தேசம். அதில் ஜீனோ என்ற இயந்திர நாய் மனிதர்களைவிடத் தெளிவாகப் பேசும். அந்த ஆண்டுகள் வந்தே விட்டன. பேசுகிற இயந்திரம் எல்லோர் பையிலும் இருக்கிறது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. அந்தத் தேசத்தை ஆளும் ஜீவா யார் என்பதை மட்டும் படிக்காதவர்கள் முன்னால் சொல்லிவிடாதீர்கள்; முடிவைச் சொல்கிறவரை எந்தக் கும்பலும் மன்னிப்பதில்லை.

எங்கள் டீக்கடைக் கும்பலில் எனக்கு ஒரு மனக்குறை. எல்லோரும் ஆண்கள். இரண்டாம் ஆட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டில் நின்று பேச எத்தனை பெண்களால் முடியும்? ஆனால் இந்தியாவில் எழுதப்பட்ட ஆரம்பகால அறிவியல் கதைகளில் ஒன்றை எழுதியவர் ஒரு பெண். வங்காளத்து ரொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-ல் நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில்தான் அச்சேறியது. கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருப்பார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தைப் பிடித்துச் சமைப்பார்கள், மேகத்திலிருந்து தண்ணீர் இறக்குவார்கள், ஆகாய வண்டியில் போவார்கள்.

படித்தபோது எனக்கு 1992 மகளிர் தினம்தான் நினைவுக்கு வந்தது. அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்த காலம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் ஓட்டி வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகியவர்கள் பலர். முன்னால் பார் இருப்பதால் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ரொக்கேயாவின் ஆகாய வண்டியில் இந்த வசதி இருந்ததாகக் கதையில் இல்லை. அன்று சைக்கிள் மிதித்த அம்மாக்களின் பேத்திகள் இன்று கல்லூரி விடுதியில் கொரிய ஃபேன்டசி சீரியல் பார்த்துவிட்டு விடியவிடிய வாதம் செய்கிறார்களாம். அந்த வாதம் நம் இதழுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் குறை.

இன்னொன்று. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, உலகம் அழிகிற படங்களை நம் பிள்ளைகள் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். வடகாடு, கீரமங்கலம் பக்கம் ஒரே ராத்திரியில் தென்னந்தோப்பு சாய்ந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். திரையில் நகரம் இடியும்போது “அதுக்கப்புறம் கரண்ட் எத்தனை நாள் கழிச்சு வந்துச்சு, தண்ணிக்கு என்ன பண்ணாங்க?” என்று கேட்கிறார்கள். ஹாலிவுட்காரர்கள் இதைக் காட்டுவதே இல்லை. எழுதத் தெரிந்த பிள்ளை எதுவாவது அந்தக் கேள்வியிலிருந்து ஒரு கதையைத் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே போடுகிறேன்.

அடுத்த மாதத்துக்கு அடுத்த மாத இதழ் மாயக்கதை, அறிவியல் கதைச் சிறப்பிதழ். கதைச் சுருக்கம் அனுப்ப வேண்டாம். அதற்கு ஃபோனே போதும். படமோ நாவலோ சீரியலோ, அதைப் பற்றி நண்பர்களுக்குள் நடந்த சண்டையை எழுதுங்கள். யார் என்ன சொன்னார்கள், யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள், எதில் இன்னும் தீர்ப்பு வரவில்லை என்பதெல்லாம் வேண்டும். பழைய அம்புலிமாமா, பூந்தளிர் வைத்திருப்பவர்கள் அட்டையைப் படமெடுத்து அனுப்பலாம். பழைய நூல்களும் இதழ்களும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி சேர்த்த ஞானாலயா நூலகம் நம் திருக்கோகர்ணத்திலேயே இருக்கிறது. பெண் வாசகர்களின் கடிதங்களுக்கு முதல் நான்கு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறேன். நிரம்பாவிட்டால் காலியாகவே அச்சடிப்பேன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

பொன்னமராவதி ஐயா, உங்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. ‘ஜகதலப்பிரதாபன்’ பார்த்த அனுபவத்தை எழுதுங்கள். ஒற்றுப்பிழை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்