நடுக்கம் மட்டுமா நோய்?

கை நடுங்கும் முதியவரைக் கண்டால் இரங்குகிறோம். எழுந்து நிற்கத் தோள் கொடுக்கிறோம். அதே மனிதர் சற்றுமுன் கேட்டதை மீண்டும் கேட்டாலோ, கணக்கில் தடுமாறினாலோ, 'புத்தி போய்விட்டது' என்று அவர் காதுபடவே கூறிவிடுகிறோம். இரண்டும் ஒரே நோயின் விளைவுகளாக இருக்கலாம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நடுக்குவாதம் எனும் நோயை 1817இல் விவரித்து எழுதிய ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனே, இதில் அறிவு பழுதுபடுவதில்லை என்றுதான் கருதினார். பின்வந்த மருத்துவம் அதைத் திருத்திற்று. பலருக்குச் சிந்தனை மெதுவாகிறது. ஒரே நேரத்தில் இரு வேலைகள் செய்வது கடினமாகிறது. தெரிந்த பெயர் நாவுக்கு வரத் தாமதிக்கிறது. அது அழிந்துவிடவில்லை; சிறு குறிப்புக் கொடுத்தால் பெரும்பாலும் வந்துவிடுகிறது.

ஆலந்தலைக் கரையில் வலை இழுத்து முதிர்ந்த ஒரு சகோதரருக்கு இந்நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் விழக்கூடும், நின்றபின் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும்; விடைக்குக் காத்திருங்கள். மாத்திரை வேளைகளைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். மறதி திடீரென மிகுந்தால் அதை முதுமையின் தலையில் கட்டிவிடாதீர்கள். நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்ஸிபெனிடில் போன்ற மாத்திரைகளே சில முதியவர்களின் நினைவைக் குழப்புவதுண்டு. மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பிறர் துணையை நாடுவது இழிவு என்று நோயாளி எண்ணுகிறார். இக்கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்ததே, அப்போது மூழ்கியவரின் கயிற்றைத் தோணியில் ஒருவர் பிடித்திருந்தார். குளித்தவரைத் திறமையற்றவர் என்று யாரேனும் சொன்னதுண்டா?

நம்மவர்களில் இந்நோயுற்ற சிலர், ரக்அத்துகளின் எண்ணிக்கை மறப்பதால் தொழுகையே கூடாமற்போகுமோ என அஞ்சுகின்றனர். மூன்றா நான்கா என்ற ஐயம் எழுந்தால், குறைந்த எண்ணை உறுதியாகக் கொண்டு நிறைவுசெய்து இரண்டு ஸஜ்தாக்கள் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். ஜமாஅத்தில் நின்றாலோ இமாமைப் பின்தொடர்ந்தால் போதும். ஆகவே அவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்து வாருங்கள். வீட்டில் மறைத்து வைக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்நோயைத் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. சான்று கோர வெட்கம் எதற்கு?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதிவைப்பது பற்றியது. நீண்ட கவிதைகளை நெஞ்சில் சுமந்த அரபு மக்களுக்கே 'எழுது' என்ற கட்டளை வந்தது! தாமே சொல்லி எழுதுவிக்க இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்றும் அது விதிக்கிறது. தந்தையின் மறதியைச் சாதகமாக்கி, அவர் விரலைப் பிடித்துப் பத்திரத்தில் ரேகை வைக்கும் பிள்ளைகள் அந்த 'நீதியுடன்' என்ற சொல்லைப் படிக்கவில்லையா? பத்திரத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அதுவும் மாத்திரை வேலை செய்து, அவர் தெளிவாக இருக்கும் வேளையில். புரியவில்லை என்றால் மறுநாளும் படியுங்கள்.