பேர் வெட்டிய இரும்பெல்லாம் வெள்ளைக்காரன் காலமா?

முதலமடைப் பக்கம் பழைய இரும்புக்கடையில் ஒரு இழைப்புளியையோ ரம்பத்தையோ கையில் எடுத்தால் போதும். கடைக்காரர் துருவைக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டி, "பேர் வெட்டியிருக்கு பாருங்க, ட்ராம்வே காலத்துச் சாமான்" என்பார். பறம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்க, கொச்சி சமஸ்தானம் போட்ட ட்ராம்வே 1907இல் ஓடத் தொடங்கியது. பறம்பிக்குளம் எங்கள் பஞ்சாயத்துக்குள் இருப்பதால், அகப்பட்ட இரும்பையெல்லாம் அந்தத் தண்டவாளத்தில் ஏற்றிவிடுகிறோம். முத்திரை இருந்தால் வயசு தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. காசு கொடுத்துத்தான் தெளிந்தேன்.

என்னிடம் விற்கப்பட்ட ரம்பத்தில் 'ஸ்பியர் அண்ட் ஜாக்சன், ஷெஃபீல்டு' என்ற பெயரோடு 1760 என்ற எண்ணும் இருந்தது. "இருநூத்தம்பது வருஷம் சார்!" அது அந்தக் கம்பெனி தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் வருஷம். இன்றைக்கும் அந்த எண்ணைப் போட்டுத்தான் விற்கிறது. ஓட்டல் போர்டில் 'நிறுவியது 1950' என்று இருந்தால், தட்டில் இருக்கும் இட்லி 1950இலா வெந்தது?

அடுத்தது, 'மேட் இன் இங்கிலாண்ட்' என்றிருந்தால் சுதந்திரத்துக்கு முந்தியது என்பது. 1947 ஆகஸ்டோடு ஷெஃபீல்டு உளிகள் கப்பலேறுவதை நிறுத்திவிடவில்லை. அமெரிக்கக் கம்பெனியான ஸ்டான்லி, ஷெஃபீல்டில் தொழிற்சாலை வாங்கியதே 1937இல்தான். ஆகவே இங்கிலாந்தில் செய்ததாகப் பொறித்த ஸ்டான்லி இழைப்புளியை ட்ராம்வே தொடங்கிய வருஷத்துக்குக் கொண்டுபோவது நடக்காத காரியம். மறுபக்கம், இந்தியப் பெயர் இருந்தால் புதுசு என்று ஒதுக்குவதும் தப்பு. டாடாவின் அக்ரிகோ மம்பட்டி 1920களிலிருந்து வருகிறது, இன்றும் வருகிறது. மாந்தோப்பில் சாய்ந்து கிடக்கும் அக்ரிகோ தாத்தாவுடையதா, போன வருஷம் வாங்கியதா என்பதைப் பெயர் சொல்லாது. தேய்ந்த வாயும் காம்பு மாட்டும் ஓட்டையும் ஒருவேளை சொல்லும்.

'பேட்டன்ட் தேதி பொய் சொல்லாது' என்பவர்கள்தான் கெட்டிக்காரர்கள். பாதி உண்மை அவர்கள் பக்கம் இருக்கிறது. ஸ்டான்லியின் பெய்லி இழைப்புளிகள் சிலவற்றின் வார்ப்பில் 1902 மார்ச், 1902 ஆகஸ்ட், 1910 ஏப்ரல் என்று மூன்று தேதிகள் வரிசையாக இருக்கும். முதல் தேதியைப் படித்துவிட்டு 1902 என்று விலை சொல்கிறார்கள். 1910ஐச் சுமக்கும் வார்ப்பு 1902இல் எப்படி வந்திருக்கும்? தேதி சொல்வது ஒன்றே ஒன்று: இதற்கு முன்னால் இல்லை. எவ்வளவு பின்னால் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். அதே ஸ்டான்லி தன் தலைவர் ஹார்ட்டின் பெயரை வைத்து, இதய வடிவத்துக்குள் இரண்டு எழுத்துப் போட்ட முத்திரையைச் சுமார் 1920 முதல் 1935 வரை பயன்படுத்தியது. பதினைந்து வருஷத்துக்குள் அடக்கிக் காட்டும் இப்படிப்பட்ட முத்திரை கிடைப்பது அதிர்ஷ்டம்.

அதிலும் ஒரு வில்லங்கம். அந்த இதயம் இருப்பது அலகில். அலகு தேய்ந்தால் ஆசாரி வேறு அலகு போட்டுக்கொள்வார்; உடலுக்கும் அலகுக்கும் முப்பது வருஷ இடைவெளி இருக்கலாம். ரம்பத்தின் கைப்பிடியில் பதித்த பித்தளை வில்லையும் அப்படியே. டிஸ்டன் என்ற ரம்பக் கம்பெனியின் வில்லை ஒன்று எத்தனை கைப்பிடி மாறியதோ!

போலியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பிரிட்டன் 1887இலும் இந்தியா 1889இலும் வணிகக் குறிச் சட்டம் போட்டன. பொய்ப் பெயர் வெட்டி விற்பவர்கள் அப்போதே இருந்ததால்தான் அந்தச் சட்டம் தேவைப்பட்டது.

இருப்பதிலேயே நம்பத்தக்கது, சர்க்கார் சொத்து என்று காட்டும் அம்புக்குறி. பிரிட்டிஷ் ராணுவக் கோடாலி, கொடுவாளில் அம்போடு வருஷமும் அடித்திருந்தால் பெரும்பாலும் அது செய்த வருஷமே.

எனக்கு மிகவும் உறுத்துவது கடைசி வாதம்: பேரில்லாதது வெறும் இரும்பு, கிலோக் கணக்கு. நம் கொல்லர்கள் பெயர் வெட்டவில்லை. வாங்குபவருக்குக் கொல்லரைத் தெரியும், உலை எங்கே என்றும் தெரியும். இந்த ஊரில் இருப்பதிலேயே பழைய அருவாள் எதுவென்று தேடினால், பெயரில்லாத ஒன்றாகவே அது இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அதை எடைக்குப் போட்டுவிட்டு, இங்கிலீஷ் எழுத்துள்ளதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய சாமான் கிடைத்தால் பளபளப்பாக்கக் கிரைண்டரில் கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் மெல்லத் துடையுங்கள். முத்திரை இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், அது யார் பட்டறையில் அடித்தது என்று வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.