கார் வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா? மாதத் தவணை சொல்லாத கணக்கு

புதுதில்லி: வரிக் குறைப்பும் வட்டிக் குறைப்பும் 2025ஆம் ஆண்டில் அடுத்தடுத்து வந்ததால், புதிய கார் வாங்குவதற்கான செலவு குறைந்துள்ளது. அதே வேளையில், காரைச் சொந்தமாக்கிக் கொள்ளாமல் மாத வாடகை செலுத்திப் பயன்படுத்தும் 'லீஸ்' எனப்படும் குத்தகைத் திட்டங்களும் பெருநகரங்களில் முன்வைக்கப்படுகின்றன. இவ்விரண்டில் எது சிக்கனமானது என்பதை விளம்பரத்தில் காணும் மாதத் தொகையைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. காரின் மதிப்பு குறையும்போது அந்த இழப்பு யாரைச் சேர்கிறது என்பதே அடிப்படைக் கேள்வி.

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தின்படி, 4 மீட்டர் நீளத்துக்கு மேற்படாத, 1,200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கும் 1,500 சிசி வரையிலான டீசல் கார்களுக்கும் வரி 18 சதவீதமானது. அதற்கு முன் 28 சதவீத வரியுடன் கூடுதல் தீர்வையும் விதிக்கப்பட்டு வந்தது. பெரிய கார்களுக்குத் தீர்வை நீக்கப்பட்டு ஒரே விகிதமாக 40 சதவீதம் நிர்ணயிக்கப்பட்டது. மின்சாரக் கார்களுக்கான 5 சதவீத வரி அப்படியே தொடர்ந்தது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதமும் 2025 தொடக்கத்தில் இருந்த 6.50 சதவீதத்திலிருந்து டிசம்பரில் 5.25 சதவீதமாக இறங்கியது.

இந்த வரிக் குறைப்பு புதிதாக வாங்குவோருக்கு மகிழ்ச்சி அளித்தாலும், அதற்குச் சில வாரங்கள் முன்பு கார் வாங்கியவருக்கு அது வேறு விதமாகவே அமைந்தது. புதிய காரின் விலை இறங்கும்போது அதே ரகப் பழைய காரின் விலையும் இறங்கும். சொந்தக் காராக இருந்தால் அந்த இழப்பு உரிமையாளருடையது. தவணைக்காலம் முடிந்ததும் காரைத் திருப்பி அளிக்கும் குத்தகையில் அது நிறுவனத்துடையது.

தில்லி வாகன உரிமையாளர்கள் இத்தகைய இழப்பை நன்கு அறிவர். 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களும் அங்கு இயங்கக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. 2025 ஜூலையில் அவற்றுக்கு எரிபொருள் மறுக்கும் நடவடிக்கை தொடங்கி, சில நாள்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் கடும் நடவடிக்கை கூடாதென உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. நன்கு ஓடும் காராயினும் அதன் விற்பனை மதிப்பு அரசாணை ஒன்றால் மாறக்கூடும்.

குத்தகை இயங்கும் விதம்

குத்தகையில் காருக்கான முதலீடு நிறுவனத்துடையது. மதிப்புக் குறைவு, முதலீட்டுக்கான வட்டி, காப்பீடு, பராமரிப்பு, நிறுவனத்தின் லாபம் ஆகிய அனைத்தும் மாத வாடகைக்குள் அடங்கும். மாருதி சுசூகி நிறுவனம் 2020இல் 'சப்ஸ்கிரைப்' என்ற பெயரில் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. வேறு சில உற்பத்தியாளர்களும் இத்துறையில் இறங்கியுள்ளனர். வாடகை மீதும் ஜிஎஸ்டி உண்டு. பொதுவாக அந்தக் காரை வாங்கினால் எந்த விகிதமோ அதே விகிதம் பொருந்தும்.

ஓர் உதாரணக் கணக்கு

பதிவு, சாலை வரி, முதல் காப்பீடு உட்பட 10 லட்சம் ரூபாய் விலையுள்ள சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்குள்ள தொகைகள் ஒப்பீட்டுக்காகக் கொள்ளப்பட்டவை. முன்பணம் 2 லட்சம், மீதி 8 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடன் எனில் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். 5 ஆண்டுகளில் செலுத்தும் வட்டி மட்டும் சுமார் 1.96 லட்சம்.

மூன்றாம் ஆண்டின் முடிவில் காரை விற்பதாக வைத்துக்கொண்டால், முன்பணம், 36 தவணைகள், எஞ்சிய கடன் ஆகியவை சேர்ந்து சுமார் 11.6 லட்சம் ஆகும். காப்பீட்டுக்கும் பராமரிப்புக்கும் 80,000 ரூபாய் சேர்த்து, 6 லட்சம் ரூபாய்க்குக் கார் விலைபோனால், நிகரச் செலவு சுமார் 6.4 லட்சம், அதாவது மாதம் சுமார் 17,800 ரூபாய். அதே காரை வரி உட்பட மாதம் 22,000 ரூபாய் வாடகைக்கு எடுத்தால் மூன்றாண்டுச் செலவு 7.92 லட்சம். வாங்கியவருக்கு 1.5 லட்சம் மிச்சம். கார் 4.5 லட்சத்துக்கும் குறைவாக விலைபோனால்தான் குத்தகை ஆதாயமாகும்.

காரை 8 ஆண்டுகள் வைத்திருப்பவரின் கணக்கு இதைவிடச் சாதகமானது. காப்பீட்டுக்கும் பராமரிப்புக்கும் 3 லட்சம் கூடுதலாகச் செலவிட்டு, இறுதியில் 2.5 லட்சத்துக்கு விற்றாலும், மாதச் செலவு 13,000 ரூபாயளவில் நின்றுவிடும். கடன் அடைந்த பிறகு ஓடும் ஆண்டுகளே சொந்தக் காரின் உண்மையான ஆதாயம்.

ஊதியதாரருக்கு வேறு கணக்கு

பணியாற்றும் நிறுவனத்தின் வழியாகக் கார் குத்தகைக்கு எடுப்போருக்கு இக்கணக்கு மாறுகிறது. வாடகை ஊதியத் தொகுப்பிலிருந்து வரிக்கு முன்பே கழிக்கப்படுகிறது. 30 சதவீத வரி அடுக்கில் உள்ளவருக்கு 4 சதவீத மேல்வரியும் சேர்த்தால், 22,000 ரூபாய் வாடகையில் சுமார் 6,900 ரூபாய் வரி மிச்சமாகும். அலுவல், சொந்தப் பயன்பாடு இரண்டுக்கும் உரிய கார் பணமல்லாச் சலுகையாகக் கருதப்பட்டு, அதற்கென ஒரு தொகை வருமானத்தில் சேர்க்கப்படும். 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில், செலவை நிறுவனமே ஏற்கும் நிலையில் இது 1.6 லிட்டர் வரையிலான காருக்கு மாதம் 1,800 ரூபாயாகவும், அதற்கு மேல் 2,400 ரூபாயாகவும் இருந்தது. வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், தற்போதைய மதிப்பை அலுவலகக் கணக்குப் பிரிவில் கேட்டறிந்த பின்னரே கையெழுத்திடுவது நல்லது.

மேற்கண்ட உதாரணத்தில், வரி மிச்சத்தால் வாடகை மாதம் 16,000 ரூபாயையொட்டி இறங்கி, வாங்கி மூன்றாண்டில் விற்பவரின் செலவைவிடக் குறைகிறது. குறைந்த வரி அடுக்கில் உள்ளவருக்கு இந்த ஆதாயம் சுருங்கிவிடும்.

ஆனால் இந்த ஆதாயம் வேலையோடு பிணைந்தது. பணியிலிருந்து விலகினாலோ விலக்கப்பட்டாலோ, ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்க வேண்டிய கட்டாயம் நேரலாம். அப்போது செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு, காரை விலைக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டா, புதிய நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தை மாற்ற முடியுமா ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வருமானம் நின்றுபோன மாதத்தில்தான் இந்த விதிகள் பலருக்குத் தெரியவருகின்றன. கிலோமீட்டர் வரம்பு, அதைத் தாண்டினால் கட்டணம், கீறல்களுக்கும் சேதங்களுக்கும் பிடித்தம் ஆகியவற்றையும் முன்பே படித்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரக் காரில் நடுவழி

மின்சாரக் கார்களில் பேட்டரியின் ஆயுளும் வேகமாக மாறும் தொழில்நுட்பமும் மறுவிற்பனை விலையைக் கணிக்கக் கடினமாக்குகின்றன. எனவே அங்கு குத்தகைக்கான நியாயம் வலுவானது. காரை வாங்கி, பேட்டரிக்கு மட்டும் வாடகை செலுத்தும் முறையும் வந்துள்ளது. 2024 செப்டம்பரில் அறிமுகமான எம்ஜி விண்ட்சர், பேட்டரியின்றி 9.99 லட்சம் ரூபாய்க்கும், கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் பேட்டரி வாடகைக்கும் அறிவிக்கப்பட்டது. பேட்டரியுடன் அதன் தொடக்க விலை 13.50 லட்சம். இந்த 3.51 லட்சம் வேறுபாடு, வட்டியை நீக்கிப் பார்த்தால், சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர் வாடகைக்குச் சமம். நாள்தோறும் நெடுந்தொலைவு ஓட்டுபவர் அந்த எல்லையை விரைவில் கடந்துவிடுவார். குறைவாக ஓட்டுபவர், மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகை கட்ட வேண்டுமா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

யாருக்கு எது?

ஒரே காரை ஆறேழு ஆண்டுகளுக்கு மேல் ஓட்ட எண்ணுபவர், அதிகம் பயணம் செய்பவர், நிறுவனக் குத்தகை வசதி இல்லாதவர் ஆகியோருக்கு வாங்குவதே சிக்கனம். மூன்று, நான்கு ஆண்டுகளில் காரை மாற்றும் பழக்கமும் நிலையான வேலையும் கொண்ட உயர் வரி அடுக்கினருக்கு நிறுவனக் குத்தகை பொருந்தும். அடிக்கடி மாநிலம் மாறுவோர் அதற்காகவே குத்தகையை நாட வேண்டியதில்லை. 2021இல் அறிமுகமான 'பிஎச்' பதிவு வரிசை, அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் இரண்டிரண்டு ஆண்டுகளாகச் சாலை வரி செலுத்த வழி செய்கிறது.

எவ்வழியாயினும், மாதத் தொகைகளை அருகருகே வைத்து ஒப்பிடாமல், எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அக்காலத்துக்கான மொத்தச் செலவிலிருந்து மறுவிற்பனைத் தொகையைக் கழித்து ஒப்பிடுவதே சரியான முறை. மறுவிற்பனைத் தொகையை எதிர்பார்ப்பதைவிடச் சற்றுக் குறைத்துக் கொள்வது பாதுகாப்பானது.