இத்தா வீட்டுக்குள் யார் போவது?



நீளமான பதிவுதான். பெண் பிள்ளை உள்ள வாப்பாமார் கடைசி வரைக்கும் வாசியுங்கள். கோபம் வந்தால் கமெண்டில் ஏசுங்கள், பரவாயில்லை.

ஏ.எல். வர்த்தகப் பிரிவில் எங்களிடம் படித்த மூன்று பிள்ளைகளுக்குக் காப்புறுதிக் கம்பனிக் கிளைகளில் வேலை கிடைத்தது. இரண்டு பேர் போகவில்லை. மூன்றாவது பிள்ளையின் வீட்டில் இன்னும் முடிவு சொல்லவில்லை. விசாரித்தால் எல்லா இடத்திலும் ஒரே கதைதான். "இன்சூரன்ஸ் சேர்க்கப் போற பொம்புளய யாரு முடிப்பான்?"

இந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். லொறி ஓடிய ஒரு சகோதரர் திடீரென மௌத்தாகிவிட்டார். மூன்று பிள்ளைகள். அவர் ஆயுள் காப்புறுதி எடுத்திருந்தது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அவரோ நாலு மாதம் பத்து நாள் இத்தாவில். முகவர் வந்தார், நல்ல மனிதர். ஆனால் கேற்றடியில் நின்று மச்சானிடம்தான் பேச முடிந்தது. மச்சானுக்குப் பொலிசி எங்கே, தவணை கடைசியாக எப்போது கட்டியது, முன்பு என்ன வருத்தம் இருந்தது, ஒன்றும் தெரியாது. படிவம் ஆங்கிலத்தில். வாரக்கணக்காக அப்படியே கிடந்தது.

கடைசியில் கிளையிலிருந்து ஒரு பெண் அலுவலர் வந்தார். உள்ளே போய், உம்மாவும் இருக்க, பாயில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்துக் காட்டினார். மரணச் சான்றிதழ், கலியாணப் பதிவு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் என்று எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார். காசு வந்தது. மூத்த பிள்ளை இன்றைக்கும் எங்கள் வகுப்பில் இருக்கிறாள்.

அந்த அலுவலர் வேறு ஊர்க்காரர், வேறு சமூகத்தவர். எங்கள் ஊரில் அப்படி ஒருத்தர்கூட இல்லை. ஏன் இல்லை? நாங்கள்தான் விடவில்லை. அந்நிய ஆணின் முன்னால் பெண் வரக்கூடாது என்று பேசுகிற நாங்களே, அவள் முன்னால் வந்து உட்காரக்கூடிய பெண்ணை உருவாக்க மாட்டோம் என்கிறோம். இது என்ன நியாயம்?

"காப்புறுதியே ஹராம், அதனால்தான் அனுப்பவில்லை" என்கிறார்கள் சிலர். வட்டி, நிச்சயமின்மை பற்றிய கேள்வி நியாயமானது, ஆலிம்களிடம் கேளுங்கள். அதற்காகத்தானே தகாபுல் வந்தது? எல்லோரும் தபர்ரூவாகப் போட்ட நிதியிலிருந்து கஷ்டப்பட்டவருக்குக் கொடுக்கிற முறை அது. இலங்கையில் அமானா தகாபுல் 1999இல் தொடங்கியது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் புதிதாகக் கேள்விப்படுவதுபோல நடிக்கக் கூடாது. இன்னொன்று, ஹுகும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிற நானாமாரிடம் இந்தக் கேள்வியை யாராவது கேட்டோமா? வாகனக் காப்புறுதி இல்லாமல் ஒரு ஆட்டோவாவது ரோட்டில் ஓடுகிறதா? ஆசிரியர்களான எங்கள் சம்பளத்திலேயே மாதாமாதம் அக்ரஹார காப்புறுதிக்குக் கழிக்கிறார்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு நாங்களும் படிவம் நிரப்புகிறோம். அப்போதெல்லாம் பேசாமல் இருந்துவிட்டு, பெண் பிள்ளை வேலைக்குப் போகும்போது மட்டும் பத்வா தேடுகிறோம்.

"பெண்ணால் இதில் என்ன மேலே வர முடியும்" என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. இந்த நாட்டின் காப்புறுதித் துறையையே கண்காணிக்கும் அரச அமைப்பின் பணிப்பாளர் நாயகம் கதிரையில் லசினி சேரசிங்க இருந்தார், பிறகு தமயந்தி பெர்னாண்டோ இருந்தார். இருவரும் பெண்கள்.

இனிப் பிள்ளைகளுக்கு. கம்பனிகளை நாங்கள் புனிதமாக்கவில்லை. நியமனக் கடிதத்தை வாசிக்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். நீங்கள் ஊழியரா, முகவரா என்று முதலில் கேளுங்கள். ஊழியர் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், கம்பனி 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி 3 வீதம் கட்ட வேண்டும். பிரசவத்துக்கு 84 வேலை நாள் விடுமுறை உண்டு. கொமிஷனில் மட்டும் ஓடுகிற முகவருக்குப் பொதுவாக இவை கிடைப்பதில்லை. பொலிசி காலாவதியானால் அவர் வருமானமும் போய்விடும். மற்றவர் ஓய்வுகாலத்தை விற்கிற பெண்ணுக்குத் தன் ஓய்வுகாலம் இல்லாமல் போகக் கூடாது.

டார்கெட்டுக்காக சாச்சி, மாமியை நெருக்கிச் சேர்க்காதீர்கள். சீனி வருத்தத்தை மறைத்துப் படிவம் நிரப்பாதீர்கள், பின்னாளில் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகும். முகவராகத் தொடங்கினாலும் அங்கேயே நிற்காதீர்கள். பரீட்சை எழுதுங்கள், இழப்பீட்டுப் பிரிவுக்குப் போங்கள், கிளை முகாமையாளராகுங்கள். கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் அக்சுவரி படிக்கலாம்.

குற்றம் எங்கள் மீதும் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை வந்தால் "டீச்சராகு மகள்" என்றுதான் இத்தனை வருடமும் சொன்னோம். வேறு கதவு இருப்பதை நாங்களே காட்டவில்லை.

கதீஜா நாயகி (ரழி) அவர்களின் வியாபாரத்தைப் பயானில் கேட்டு மாஷா அல்லாஹ் சொல்கிறோம். வீட்டுக்கு வந்து மகளின் நியமனக் கடிதத்தை அலுமாரியில் பூட்டுகிறோம்.

இன்னும் முடிவு சொல்லாத அந்த வாப்பாவுக்கு: நாளைக்கு உங்கள் வீட்டிலும் ஒரு இத்தா வரலாம், அல்லாஹ் பாதுகாக்க வேண்டும். அன்றைக்குப் படிவத்தோடு உள்ளே வருகிறவள் இந்த ஊர்ப் பிள்ளையாக இருக்கட்டும். மகளை அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.