டு லெட் போர்டும் ஐந்தாவது கேள்வியும்

சேலத்தில் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவரிடம் வீட்டுக்காரர் கேட்கிற முதல் நாலு கேள்வி எல்லாருக்கும் மனப்பாடம். எங்க வேலை? எத்தனை பேரு? கல்யாணம் ஆயிடுச்சா? சைவமா, அசைவமா? இதில் எல்லாம் பாஸ் ஆனவருக்கு ஐந்தாவது கேள்வி வரும். "சொந்த ஊரு எதுங்க?" ஊர்ப் பேரைச் சொன்னால் போதாது. "அங்க எந்தப் பக்கங்க?" ஊருக்குள்ளா, காலனியா என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்ததும் குரல் மாறிவிடும். "நேத்துதாங்க ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு." போர்டு மட்டும் அடுத்த மாதமும் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். முஸ்லிம் என்றால் ஐந்தாவது கேள்வி வரை போகவே வேண்டாம், பேரைக் கேட்டதுமே முடிந்தது.

"அவங்க வீடு, அவங்க இஷ்டம்" என்று இதற்கு ஒரு ரெடிமேட் பதில் உண்டு. படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். அந்த வீட்டோடு சேர்ந்து என்னவெல்லாம் வருகிறது என்று யோசித்தால் இந்தப் பதில் நிற்காது.

பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். கலெக்டர் ஆபீஸ், அரசு மருத்துவமனை, வ.உ.சி. மார்க்கெட், கோட்டை மாரியம்மன் கோயில், கடைவீதி, எல்லாம் நடந்து போகிற தூரம். இன்னும் கொஞ்சம் நடந்தால் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார், டவுன் ரயில்வே ஸ்டேஷன். இங்கே குடியிருப்பவருக்கு வண்டியே தேவையில்லை. அதனால்தான் ஒடுங்கின சந்துக்குள் இருக்கிற இரண்டு ரூம் வீட்டுக்குக்கூட இங்கே நல்ல வாடகை. அந்த மதிப்பை உண்டாக்கியது யார்? வீட்டுக்காரரா? ஆஸ்பத்திரியும் கலெக்டர் ஆபீசும் மக்கள் பணம். சேலம் 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது, பழைய பஸ் ஸ்டாண்டை ஈரடுக்காகக் கட்டி 2023-ல் திறந்தார்கள். அதுவும் மக்கள் பணம்தான். எல்லாருடைய வரியிலும் ஏறின மதிப்பை வாடகையாக ஒருவர் வாங்கிக்கொள்வது சரி, வியாபாரம். வாங்கிக்கொண்டே, வரி கட்டினவரில் பாதிப் பேரை "நீ இந்தத் தெருவுக்கு வராதே" என்பது எந்த ஊர் வியாபாரம்?

திருப்பி அனுப்பப்பட்டவர் எங்கே போவார்? கொண்டலாம்பட்டிக்கு அந்தப் பக்கம், அயோத்தியாப்பட்டணம், கருப்பூர். அங்கே வாடகை குறைவுதானே என்பார்கள். கடைவீதி ஜவுளிக் கடையில் வேலை செய்கிற ஒருவர் தினமும் பத்து கிலோமீட்டர் போய் பத்து கிலோமீட்டர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், 520 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டி, பெட்ரோல் 100 ரூபாய் என்றே போட்டாலும் ஆயிரத்தைத் தாண்டுகிறது. அப்புறம் வண்டிக்கு டியூ, சர்வீஸ், இன்சூரன்ஸ். குறைந்த வாடகை என்று மிச்சம் பிடித்தது பங்க்கிலேயே போய்விடுகிறது. அந்தக் கடை ஊழியர் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். உட்கார ஒரு இருக்கை கொடுங்கள் என்று சொல்லவே 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் போட வேண்டியிருந்தது! ராத்திரி ஷட்டர் இறக்கிவிட்டு அவர் டவுன் பஸ்ஸுக்கு மறுபடி நிற்க வேண்டும். பெண்களுக்கு 2021 மே முதல் டவுன் பஸ் இலவசம், நல்ல திட்டம். ஆனால் டிக்கெட்தான் இலவசம், ராத்திரி பத்து மணிக்கு பஸ் வந்தால்தானே?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. (இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் மேலேயும் வாங்கலாம் என்று அதிலேயே ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்தில்தான் பத்து மாத அட்வான்ஸ் குடியிருக்கிறது.) வீடு கிடைத்தவருக்கு இதெல்லாம் உதவும். சாதி கேட்டு மறுக்கிற வீட்டுக்காரரை இது கண்டுகொள்ளவில்லை.

வேறு சட்டம் இருக்கிறது. 1955-ல் வந்து, 1976-ல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. தீண்டாமை காரணமாக ஒருவரை எந்தப் பகுதியிலும் குடியிருக்க விடாமல் தடுப்பது குற்றம் என்று அதன் 4-வது பிரிவு சொல்கிறது. "நேத்துதாங்க அட்வான்ஸ் வாங்கினேன்" என்ற ஒரு வரிக்கு முன்னால் அந்தப் பிரிவு என்ன செய்யும்? யார் சாட்சி? முஸ்லிமுக்கும், கல்யாணம் ஆகாதவருக்கும் அந்தப் பிரிவும் இல்லை.

வீட்டுக்காரர்களின் பயம் எல்லாமே பொய் என்று சொல்ல முடியாது. வாடகை வராமல் போகலாம், சுவரை நாசம் செய்யலாம், காலி பண்ணச் சொன்னால் இழுத்தடிக்கலாம். அதற்குத்தானே அட்வான்ஸ், அதற்குத்தானே அக்ரிமென்ட்? சாதி கேட்டால் வாடகை தேதிக்கு வந்துவிடுமா என்ன?

2017 சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கலாம். வாடகைக்கு விடுகிறவர் சாதி, மதம் கேட்கக்கூடாது, கேட்டால் அபராதம், புரோக்கருக்கும் சேர்த்து. புரோக்கரை விட்டுவிடக்கூடாது, ஏனென்றால் இப்போது ஐந்தாவது கேள்வியை அவர்களே போனில் முதல் கேள்வியாகக் கேட்டுவிடுகிறார்கள். வீட்டைப் பார்க்கப் போகிற அலைச்சல்கூட மிச்சமாம்.